கையில் வாங்கிய தொகையா, மாதா மாதம் வரும் தொகையா?

(பணி ஓய்வும் குடும்பப் பொருளாதாரமும் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



அரசாங்க ஓய்வூதியம் பெரிதா, சேமநிதிப் பணம் பெரிதா என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பைப் போல் இருக்கிறது. பட்டிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நடுவர் வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே தவறாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டவர் எழுபது வயதில் பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டியிருக்கும். ஆகவே விவாதம் செய்வதைவிடக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று வந்திருக்கிறேன். கணக்கர் வேலையில் முப்பது ஆண்டு இருந்தவன் நான். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

கிள்ளானில் ஒரு திருமண விருந்தில் இரண்டு சம்பந்திகளின் நடுவே அமர்ந்து சாப்பிட்டேன். இருவரும் எனக்குத் தூரத்து உறவு. ஒருவர் அரசாங்கப் பள்ளியில் 30 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்ற ஆசிரியர். மற்றவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து, 60 வயதில் அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "சம்பந்திக்கு என்ன, சேமநிதியில் நாலரை லட்சம் வைத்திருக்கிறார். எனக்குக் கொடுத்தது ஒன்றரை லட்சம்தான்" என்றார். மேற்பார்வையாளருக்கும் முகத்தில் ஒரு பெருமை. அவருடைய மூத்த மகன் அதற்குள் கார் கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வந்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

இலையை மடித்துவிட்டு எழுந்தபோது, அந்த இருவரில் பணக்காரர் யார் என்பதை இருவருமே தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

ஆசிரியரின் கடைசிச் சம்பளம் 6,000 வெள்ளி. ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? கடைசிச் சம்பளத்தை 600 ஆல் வகுத்து, வேலை செய்த மாதங்களால் பெருக்க வேண்டும். 2009 ஆம் ஆண்டிலிருந்து இதற்கு உச்சவரம்பு 360 மாதம், அதாவது 30 ஆண்டு. அதற்கு முன்பு 25 ஆண்டாக இருந்தது. முழு 30 ஆண்டு வேலை செய்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் 60 விழுக்காடு ஓய்வூதியம். நம் ஆசிரியருக்கு மாதம் 3,600 வெள்ளி. இது தவிர பணிக்கொடை: கடைசிச் சம்பளத்தில் 7.5 விழுக்காட்டை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் 162,000 வெள்ளி. அவர் "ஒன்றரை லட்சம்" என்று சொன்னது இந்தப் பணிக்கொடையைத்தான். மாதா மாதம் வரும் 3,600 வெள்ளியை அவர் சொத்தாகவே நினைக்கவில்லை. அது சம்பளம் மாதிரி வருகிறது, செலவாகிறது, அவ்வளவுதான்.

மேற்பார்வையாளரின் சேமநிதியில் 4 லட்சத்து 60 ஆயிரம் இருந்தது. கடைசிச் சம்பளம் 5,000 வெள்ளி. அவரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "சம்பந்தி வாங்குகிற அதே 3,600 வெள்ளியை நீங்களும் மாதா மாதம் எடுத்தால் இந்தப் பணம் எத்தனை ஆண்டு வரும்?" அவர் யோசித்துவிட்டு, "ஆயுசுக்கும் வரும்" என்றார்.

சேமநிதி வாரியம் 2023 ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும் 2024 ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் லாப ஈவு கொடுத்தது. வழக்கமான சேமிப்புக்குச் சட்டம் உத்தரவாதம் தருவது 2.5 விழுக்காடு மட்டும்தான். நடுவாக 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஈவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவருடைய பணம் 15 ஆண்டில் தீர்ந்துவிடும். 75 வயதில் கணக்கு காலி. 60 வயதைத் தொட்ட ஒருவர் 80 வயதைத் தாண்டுவது இன்று அதிசயமில்லை. அவருடைய மனைவி அவரைவிட ஆறு வயது இளையவர்.

அவர் நம்பவில்லை. நாப்கின் தாளில் எழுதிக் காட்டினேன்.

173 என்ற எண்

நேயர்கள் ஒரே ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். 173. மாதம் 1,000 வெள்ளி வீதம் 25 ஆண்டுகளுக்கு, அதாவது 60 வயது முதல் 85 வயது வரை, எடுக்க வேண்டுமானால் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு கிடைத்தால் ஏறக்குறைய 173,000 வெள்ளி. முதல் ஆண்டில் ஈவாக எட்டாயிரத்துச் சொச்சம் வரும். நீங்கள் எடுப்பது 12,000. மிச்சத்தை முதலிலிருந்து தின்கிறீர்கள். தொடக்கத்தில் மெதுவாகவும் பிற்பாடு வேகமாகவும் கரைந்து, 25 ஆண்டு முடிவில் ஒன்றும் இருக்காது.

இந்த எண்ணை வைத்து ஆசிரியரின் ஓய்வூதியத்துக்கு விலை போடலாம். 3.6ஐ 173 ஆயிரத்தால் பெருக்குங்கள். 6 லட்சத்து 22 ஆயிரத்து 800 வெள்ளி. பணிக்கொடையையும் கூட்டினால் 7 லட்சத்து 84 ஆயிரத்து 800. "ஒன்றரை லட்சம்தான்" என்று சொன்ன மனிதர் உண்மையில் ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல் பெறுமானமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிர்ப்பக்கமாகவும் இதைப் போடலாம். மேற்பார்வையாளரின் 460 ஆயிரத்தை 173 ஆல் வகுத்தால் 2.66 வரும். அவருடைய நாலரை லட்சம் என்பது மாதம் 2,660 வெள்ளி ஓய்வூதியம், 25 ஆண்டுக்கு. ஓய்வூதியத்தை மொத்தத் தொகையாக்குங்கள். அல்லது மொத்தத் தொகையை ஓய்வூதியமாக்குங்கள். இரண்டும் ஒரே அளவுக்கு வந்த பிறகுதான் எது பெரிது என்ற பேச்சையே எடுக்க வேண்டும். நெல்லைப் படியிலும் துணியை முழத்திலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று சண்டை போடக்கூடாது.

ஈவு 4 விழுக்காடாக இறங்கினால் 173 என்பது 191 ஆகிவிடும். அதாவது ஈவு குறையக் குறைய, ஒரு நிலையான ஓய்வூதியத்தின் மதிப்பு கூடுகிறது. ஈவு நன்றாக வரும் ஆண்டுகளில் சேமநிதிக்காரர் சிரிக்கிறார். ஈவு சரியும்போது ஓய்வூதியக்காரருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அந்தக் கவலையை அவருக்காக அரசாங்கம் பட்டுக்கொண்டிருக்கிறது.

நான் சொன்ன கணக்கில் 3,600 வெள்ளி 25 ஆண்டும் அசையாமல் நிற்கிறது. விலைவாசி நிற்குமா? ஆண்டுதோறும் 2 விழுக்காடு ஏற்றிக்கொண்டே போகவேண்டும் என்றால், 1,000 வெள்ளிக்கு 173,000 போதாது, 211,000 வேண்டும். மேற்பார்வையாளர் மாதம் 2,660 எடுக்க முடியாது. 2,180இல் தொடங்க வேண்டும். சேமநிதி வாரியம் 2019 இல் 55 வயதுக்கான அடிப்படைச் சேமிப்பு என்று 240,000 வெள்ளியைக் குறித்தது. அது மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுக்கான தொகை. வெறும் பெருக்கல், ஈவே அதில் இல்லை. வருகிற ஈவை விலைவாசி தின்றுவிடும் என்று வைத்துக்கொள்கிற பழைய காலத்துக் கணக்கு அது. கொஞ்சம் கஞ்சத்தனமான கணக்குத்தான், ஆனால் எனக்குப் பிடித்த கணக்கு.

ஓய்வூதியம் கல்லில் எழுதியதா?

ஆசிரியர் தரப்புக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓய்வூதியம் உண்டியலில் இருக்கும் பணமல்ல. அது ஒரு சட்டத்தில் எழுதப்பட்ட வாக்குறுதி. சட்டத்தைத் திருத்தி, 2013 ஆம் ஆண்டிலிருந்து ஓய்வூதியம் ஆண்டுதோறும் 2 விழுக்காடு உயரும் என்று வைத்தார்கள். அதற்கு முன்பு, பணியில் இருப்பவர்களின் சம்பளம் திருத்தப்படும்போது ஓய்வூதியமும் திருத்தப்பட்டு வந்தது. புதிய முறையால் தங்களுக்கு நட்டம் என்று ஓய்வு பெற்றவர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. 2023 ஜூன் மாதம் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூட்டரசு அரசியலமைப்பின் 147வது பிரிவு, ஓய்வூதியக்காரருக்குப் பாதகமாகச் சட்டத்தை மாற்ற முடியாதபடி காவலாக நிற்கிறது. காவல் இருக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறும் 3,600 வெள்ளியின் மதிப்பு ஏழரை லட்சத்துக்கு மேல்; ஏறாத 3,600 வெள்ளியின் மதிப்பு 6 லட்சத்து 20 ஆயிரம் அளவுதான். சட்டத்தில் ஒரே ஒரு வரி. ஒரு குடும்பத்துக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம்.

இன்னொன்று. சேமநிதியில் இருப்பது உங்கள் பணம். நீங்கள் வேலையை விட்டாலும், முதலாளி உங்களை நீக்கினாலும், அது உங்களுடையது. ஓய்வூதியம் அப்படியல்ல. ஒழுங்கு நடவடிக்கையில் பதவி நீக்கம் செய்யப்பட்டால் அது போய்விடும். பாதியில் வேலையை ராஜினாமா செய்தாலும் போய்விடும். விதிப்படி விருப்ப ஓய்வு பெறுவது வேறு, கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு விலகுவது வேறு. அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்யும் தாதியர் சிலர், தனியார் மருத்துவமனையில் ஆயிரம் வெள்ளி கூடக் கிடைக்கிறது என்று கிளம்பும்போது என்னிடம் கேட்பதுண்டு. நான் போகாதே என்று சொல்வதில்லை. போகிற இடத்தில் கிடைப்பதோடு, இங்கே விட்டுப் போவதற்கும் ஒரு விலை போடச் சொல்கிறேன்.

அதை எப்படிப் போடுவது? ஒவ்வோர் ஆண்டு வேலைக்கும் கடைசிச் சம்பளத்தில் 2 விழுக்காடு ஓய்வூதியம் சேருகிறது. 6,000 வெள்ளி சம்பளத்தில் ஓய்வு பெறப் போகிறவருக்குக் கடைசி ஓர் ஆண்டு சேர்த்துக் கொடுப்பது மாதம் 120 வெள்ளி. நம் 173ஐ வைத்துப் பெருக்கினால் 20,760. பணிக்கொடையில் அந்த ஆண்டுக்கு 5,400. ஆக 26,160 வெள்ளி. அவருடைய ஆண்டுச் சம்பளமே 72,000தான். அதாவது அரசாங்கம் அவருக்காகச் சம்பளத்தில் 36 விழுக்காட்டை ஒதுக்கி வைத்தது போல. தனியார் முதலாளி சேமநிதிக்குக் கட்டுவது 5,000 வெள்ளி வரைக்கும் 13 விழுக்காடு, அதற்கு மேல் 12. இளம் வயதில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. 30 வயதுக்காரருக்கு அந்த 26 ஆயிரம் 30 ஆண்டு தள்ளி நிற்கும் பணம். இன்றைய மதிப்பில் ஆறாயிரம் தேறும். ஆகவே ஓய்வூதியத்தின் கனம் பிற்பகுதி ஆண்டுகளில்தான் ஏறுகிறது. இருபது ஆண்டு இருந்துவிட்டுக் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பவர், பழம் பழுக்கும் நேரத்தில் மரத்தை வெட்டுகிறார்.

ஆசிரியர் பக்கம் ஒரு வரவை நான் இன்னும் எழுதவில்லை. ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அவருடைய சம்பளத்தில் 11 விழுக்காடு சேமநிதிப் பிடித்தம் கிடையாது. மேற்பார்வையாளரின் நாலரை லட்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது அவருடைய சொந்தச் சம்பளம், வாங்காமல் விட்டது. ஆசிரியர் அதை மாதா மாதம் வாங்கிக்கொண்டார். "அந்தப் பதினொன்று எங்கே சார்?" என்று கேட்டேன். ஆசிரியர் மனைவியைப் பார்த்தார். மனைவி கழுத்தில் இருந்த சங்கிலியைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அதில்தான் போயின. பரவாயில்லை, அதுவும் முதலீடுதான். ஆனால் கணக்கில் அதையும் எழுத வேண்டும்.

மரணத்தைப் பற்றியும் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. ஆசிரியர் காலமானால் ஓய்வூதியம் மனைவிக்கும் தகுதியுள்ள பிள்ளைகளுக்கும் தொடரும். மனைவி ஆறு வயது இளையவர் என்றால் அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் திருமணம் செய்துகொள்ளாத ஓர் அரசாங்க ஊழியர் 62 வயதில் இறந்துவிட்டால் ஓய்வூதியம் அதோடு நின்றுவிடும். தம்பி பிள்ளைக்கு அதை எழுதிவைக்க முடியாது. சேமநிதியில் மீதியிருப்பது, நீங்கள் பெயர் கொடுத்திருப்பவருக்குப் போகும். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு, திருமணத்துக்குப் பின் மாற்ற மறந்தவர்கள் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாளைக் காலை முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

இப்போது பெரும்பாலான நேயர்களின் கேள்விக்கு வருகிறேன். "எங்களுக்குத்தான் பென்ஷனே இல்லையே, எங்களிடம் ஏன் இதைச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. 2024 பிப்ரவரி முதல் அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் ஓய்வூதியம் இல்லை, சேமநிதிதான் என்று அந்த ஆண்டு ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். இனி வருகிற தலைமுறை பெரும்பாலும் மேற்பார்வையாளரின் நிலையில்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1984 ஆம் ஆண்டு, 55 வயதில், சேமநிதிப் பணமாக அவர் கையில் வந்தது 11,000 வெள்ளிக்குச் சற்று மேல். எங்கள் குடும்பம் அதுவரை பார்த்திராத தொகை. அக்காவின் திருமணம், மளிகைக் கடைப் பாக்கி, கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன், உறவினர் ஒருவருக்குக் கைமாற்று. எட்டு மாதத்தில் முடிந்துவிட்டது. அப்பா 2009 வரை, இன்னும் 25 ஆண்டு உயிரோடிருந்தார். கணக்கராக ஆன பிறகு ஒருநாள் வகுத்துப் பார்த்தேன். மாதம் 37 வெள்ளி கூட இல்லை. அப்பா வீணாக்கிவிட்டார் என்று நாங்கள் அவரைக் குறை சொன்ன நாட்கள் உண்டு. அது ஆயுள் முழுக்கப் பிரித்துக் கொடுக்கும் அளவு பணமாகவே இருந்ததில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. அம்மா அக்காவுக்கு "கவர்மெண்டு வேலை மாப்பிள்ளை" தேடியதும் ஏன் என்று விளங்கியது. 173 தெரியாமலே அம்மா கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் 55 வயதில் எல்லோரும் மொத்தமாக எடுத்தார்கள். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. சேமநிதியில் பணத்தை விட்டு வைக்கலாம், 100 வயது வரை ஈவு உண்டு. மாதா மாதம் ஒரு தொகை வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். அதைச் செய்தால் உங்கள் சேமநிதியை நீங்களே ஓய்வூதியமாக்கிக் கொள்கிறீர்கள். அரசாங்க ஓய்வூதியத்துக்கு இருக்கிற ஒரு குணம் மட்டும் அதற்கு வராது: 85 வயதுக்கு மேலும் நீங்கள் வாழ்ந்தால் ஓய்வூதியம் தொடரும், இது நின்றுவிடும். ஆகவே கணக்கில் வரும் தொகையைவிட நூறு, இருநூறு குறைத்தே எடுங்கள்.

இடையில் எடுப்பவர்களுக்கும் இந்த எண் உதவும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சிறப்பு அனுமதிகளின் பேரில் சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்டது 145 பில்லியன் வெள்ளி. வேலையில்லாமல் அரிசி வாங்க எடுத்தவரை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார் என்று எடுத்தவர்களும் உண்டு. 40 வயதில் எடுத்த 10,000 வெள்ளி, 5 விழுக்காட்டு ஈவில் 60 வயதுக்கு 26,500 ஆகியிருக்கும். 173 ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். கிழ வயதில் மாதம் 150 வெள்ளியை, 25 ஆண்டுகளுக்கு, விட்டுக்கொடுத்திருக்கிறோம். 2024 மே மாதம் முதல் சந்தாவில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் கணக்குக்குப் போகிறது. விரலால் தட்டுவதற்கு முன் இந்த வகுத்தலை ஒருமுறை செய்யுங்கள்.

சிவப்பு விளக்கு எரிகிறது, நெறியாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கிள்ளான் சம்பந்தியின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாப்கின் தாளை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். மகன் கேட்ட காரின் விலை 80,000 வெள்ளி. "மாசம் 460 வெள்ளி, இருபத்தஞ்சு வருசத்துக்கு. நான் சரியாப் போட்டிருக்கேனா?" என்றார். சரியாகத்தான் போட்டிருந்தார். முன்பணத்துக்கு மட்டும் 8,000 கொடுத்துவிட்டு, மீதியைத் தவணையில் கட்டிக்கொள்ளும்படி மகனிடம் சொல்லிவிட்டாராம். மகன் ஒரு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறான்.